மொய்க் கொப்பியும் மேல்வீட்டுத் தண்ணீரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு தொடர்மாடியில், நாலாம் மாடியில், பன்னிரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்தக் கடையில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். பத்திரிகைக்கு இதற்கு முன் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது மேல்வீட்டு வோஷிங் மெஷினின் பைப். வாடகைக்கு இருப்பவர் தன் சாமானுக்குத் தானே காப்புறுதி எடுப்பதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கடந்த ஆவணியில் என் மகனுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பம்பலப்பிட்டியில் மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்தது. வந்த பரிசுப் பொருட்களை எல்லாம் இரண்டு முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மகனின் அறையில் அலுமாரிக்கு மேலும் கட்டிலிலும் அடுக்கினோம். பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். புதன்கிழமை நீர்கொழும்பில் பெண் வீட்டு விருந்து. பன்னிரண்டு பேர் வான் பிடித்துப் போனோம். பிற்பகல் மூன்று மணிக்குப் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் செக்யூரிட்டித் தம்பியிடமிருந்து கோல் வந்தது. லிஃப்ட் வாசலில் தண்ணீர் வழிகிறதாம், எங்கள் கதவுக்குக் கீழிருந்து வருகிறதாம்.

மேல்வீட்டில் மெஷினைப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். மெஷினுக்குத் தண்ணீர் போகிற பைப் குழாயிலிருந்து கழன்று, காலை பத்து மணி தொடக்கம் அவர்கள் குசினித் தரையில் கொட்டி, தரை வெடிப்பு வழியாக எங்கள் அறைக் கூரையில் இறங்கியிருக்கிறது. நேரே கீழே அலுமாரி. அலுமாரிக்கு மேலே பரிசுகள்.

கதவைத் திறந்தபோது கண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. பரிசு சுற்றுகிற சிவப்புத் தாள் இருக்கிறதே, அது தண்ணீரில் சாயம் விடும் என்று அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் சாயம் ஒழுகி, அலுமாரிக் கதவு இடுக்கு வழியாக உள்ளே போய், தட்டில் மடித்து வைத்திருந்த மருமகளின் பட்டுச் சேலைகளில் விழுந்திருந்தது. அதில் ஒன்று கூறைச் சேலை. கட்டி மூன்று நாள்தான். கரைப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரோசாப்பூ நிறத்தில் ஒரு திட்டு. கட்டிலில் கிடந்த நாற்பத்து மூன்று அங்குல டிவியின் பெட்டி ஊறிப்போய், தூக்கினால் அடி கழன்று கையோடு வந்தது. மிக்சி, ரைஸ் குக்கர், மெத்தை விரிப்புகள், மகனின் மடிக்கணினி. பிறகு ஒரு கூட்டம் என்வலப்புகள். காசு காய்ந்தது. சில என்வலப்பில் மேலே எழுதிய பெயர் மட்டும் கரைந்து போய்விட்டது. அது பெரிய சங்கடம், பிறகு சொல்கிறேன்.

பிள்ளை அழவில்லை. என் மருமகளைத்தான் சொல்கிறேன். கூறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை மாமி, நல்லகாலம் தாலிக்கொடி கழுத்தில" என்றாள். எனக்குத்தான் குசினிக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரர் மெல்பேர்னில் இருக்கிறார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. செய்தி கேட்டவுடனே, "அக்கா, கவலைப்படாதீங்க, வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்றார். நானும் நெஞ்சில் கை வைத்து ஆறுதலானேன். நாலாம் நாள் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். கதிரையில் ஏறிக் கூரையைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார், அறையின் நீள அகலம் அளந்தார். நான் சேலைகளை விரித்துக் காட்டினேன். டிவிப் பெட்டியைக் காட்டினேன். அவர் மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, பொலிசி வீட்டுக்கு. இது உங்கள் சாமான்." மூன்று கிழமையில் கூரைக்குப் புதுப் பூச்சும் வெள்ளையும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலேயே இப்போது புதிதாக இருப்பது அந்தக் கூரைதான்.

மேல்வீட்டார் வந்து கையைப் பிடித்து அழுதார்கள். ஓர் என்வலப்பில் இருபத்தையாயிரம் வைத்துத் தந்தார்கள். அவர்களும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். கவனக்குறைவு என்று வழக்குப் போடலாம் என்று மகனின் நண்பர், சட்டத்தரணி, சொன்னார். தைப்பொங்கலுக்குப் பொங்கல் கொண்டுவந்து தருகிற வீட்டின்மீது யார் வழக்குப் போடுவது? காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். வாங்கினால் கணக்குத் தீர்ந்ததாகிவிடும் என்ற புத்தியும் அதில் இருந்தது.

கணக்கு எழுதியவள் அல்லவா, அன்றிரவே பட்டியல் போட்டேன். கைகொடுத்தது மொய்க் கொப்பி. மண்டப வாசலில் என் ஒன்றுவிட்ட தம்பி இருந்து எழுதியது. யார், என்ன தந்தார், எவ்வளவு என்று வரிசை வரிசையாக, எண் போட்டு எழுதியிருந்தான். பெயர் கரைந்த என்வலப்புகளையும் அந்தக் கொப்பியை வைத்து, தொகையைப் பொருத்திப் பொருத்தித்தான் கண்டுபிடித்தேன். இரண்டு மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. அந்த இரண்டு வீட்டு விசேஷத்துக்கும் என்ன எழுதப் போகிறேனோ தெரியாது. மொத்த நட்டம் ஆறு இலட்சத்து எண்பதாயிரம் வந்தது. பட்டுச் சேலை ஏழு, அதில் நாலு மீளாது. தெஹிவளையில் ட்ரைகிளீன் பண்ணுகிறவர் கூறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பிறகுதான் வாடகைக்கு இருப்பவர் தன் சாமானுக்குத் தானே காப்புறுதி எடுக்கலாமா என்று கேட்கக் கிளம்பினேன். மூன்று இடம் போனேன். பெயர்கள் வேண்டாம். முதல் இடத்தில் இருந்த பிள்ளை, "நீங்கள் ஓனரா?" என்றது. இல்லை என்றேன். "அப்படியென்றால் ஓனரை எடுக்கச் சொல்லுங்கள்." நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு மறுபடியும் ஓனரைத்தான் எடுக்கச் சொன்னது. இரண்டாம் இடத்தில் ஒரு வயதான அதிகாரி இருந்தார். கட்டடத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம், வாடகை ஒப்பந்தப் பிரதி இருந்தால் போதும், ஆனால் கேட்டு வருகிறவர்கள் குறைவு என்றார். மூன்றாம் இடத்தில் படிவத்தையே கையில் தந்தார்கள், முழுக்க ஆங்கிலத்தில். இரண்டு இரவு கண்ணாடி போட்டு வாசித்தேன். அப்போது தெரிந்துகொண்டதில் நாலைந்து விஷயம் உங்கள் வாசகர்களுக்கு உதவும்.

முதலில் நகை. வீட்டுப் பொருள் காப்புறுதி என்றால் தாலிக்கொடி, அட்டியல், காப்பு எல்லாம் தானாக உள்ளே வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. நகைக்கும் வெள்ளிப் பொருளுக்கும் தனியாக ஓர் உச்சவரம்பு இருக்கும். எனக்குக் காட்டிய பத்திரத்தில் அது மொத்தத் தொகையின் மூன்றில் ஒன்று. ஒரே பொருளுக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று இன்னொரு வரம்பும் இருந்தது. ஒரு தாலிக்கொடி இன்றைய விலையில் அந்த வரம்பைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதனால் பெறுமதியான நகை ஒவ்வொன்றையும் எடை, கரட், விலையோடு பெயர் குறித்து எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு மேலதிகக் கட்டணமும் உண்டு. கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது தொலைந்தால்? வீட்டுக்கு வெளியே என்பது வேறு கணக்கு, அதையும் கேட்டு வாங்க வேண்டும். காசு என்றால் மிகச் சிறிய தொகைதான் உள்ளே வரும். கல்யாண இரவில் என்வலப்புகளைத் தலையணை உறைக்குள் திணித்து, அதன்மேல் தலை வைத்துப் படுக்கிறோமே, அந்தக் காசுக்கு அநேகமாக அந்தத் தலைதான் காவல்.

செட்டியார் தெருவில் நகை வாங்கும்போது பில்லில் கல்லின் எடை வேறு, தங்கத்தின் எடை வேறு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய நகைக்குப் பில் இருக்காது, என் அம்மாவின் பதக்கம் சங்கிலிக்கு எங்கே பில்? அப்படிப்பட்டதற்கு எழுத்தில் ஒரு மதிப்பீடு எடுத்து வைக்கலாம். தங்கத்தின் தரம் பார்ப்பதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையே இருக்கிறது.

அடுத்தது குறைத்து எழுதும் பழக்கம். கட்டணம் குறையட்டும் என்று நாற்பது இலட்சத்துச் சாமானை இருபது இலட்சம் என்று எழுதுகிறோம் என்று வையுங்கள். ஆறு இலட்சம் நட்டம் வந்தால் முழு ஆறும் வராது. பாதிக்குத்தானே எடுத்தீர்கள், பாதிதான் தருவோம் என்று மூன்று தருவார்கள். அப்படி ஒரு நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். தங்கம் விஷயத்தில் நாம் பொய் சொல்லாமலே இந்தக் குழியில் விழுகிறோம். 2019 இல் ஒரு பவுன் எழுபதாயிரத்தை ஒட்டி நின்றது. நாங்கள் கல்யாணத்துக்கு வாங்கியபோது இரண்டரை இலட்சத்துக்குள். 2025 ஒக்டோபரில் மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2019 இல் பத்துப் பவுனுக்கு ஏழு இலட்சம் என்று எழுதியவர் அதையே ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தால், மூன்று இலட்ச விலையில் அவரிடம் இருப்பது இரண்டு பவுன் சொச்சத்துக்கான காப்புறுதி. புதுப்பிக்கும் கடிதம் வரும்போது காசைக் கட்டிவிட்டு மேசை இலாச்சிக்குள் போடாமல், தொகையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சாமான் யாருடையது, எந்த விலாசத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்பதை நான் தற்செயலாகத்தான் அறிந்தேன். "மகனும் மருமகளும் இங்கேதான் இருக்கிறார்களா?" என்று அந்த வயதான அதிகாரி கேட்டார். ஒரு மாதத்தில் தெஹிவளைக்குப் போகிறார்கள் என்றேன். அப்படியென்றால் அவர்கள் போகிற நாள்முதல் இங்கே விட்டுப் போகிற பெட்டிகள் யார் கணக்கில் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்முடைய பிள்ளைகளின் சீதனப் பாத்திரமும் பரிசும் எத்தனை வருடம் தாய் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன! காப்புறுதி ஒரு விலாசத்துக்கும் அந்த விலாசத்தில் இருக்கிற ஆட்களுக்கும் எழுதப்படுகிறது. பெட்டி இடம் மாறினால் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டு லண்டனுக்கோ கனடாவுக்கோ போனாலும் அறிவிக்க வேண்டும், ஆளில்லாத வீட்டுக்குக் களவுப் பாதுகாப்பை நிறுத்தி வைக்கிற நிபந்தனையும் நான் வாசித்த பத்திரத்தில் இருந்தது.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. கொட்டாஞ்சேனையில் என் சிநேகிதி ஒருத்தி, அவளும் வாடகை வீடு, மகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சாமத்தியவீட்டை வீட்டிலேயே வைத்தாள். அறுபது பேர் வந்து போனார்கள். மாலையில் பார்த்தால் அலுமாரியில் கழற்றி வைத்த அட்டியலைக் காணவில்லை. அவள் காப்புறுதி எடுத்திருந்தாள், கெட்டிக்காரி. பொலிஸில் முறைப்பாடும் போட்டாள். ஆனால் களவு என்றால் கதவையோ யன்னலையோ பூட்டையோ உடைத்து உள்ளே வந்ததற்கு அடையாளம் வேண்டும் என்று பத்திரத்தில் இருந்தது. நீங்களே அழைத்து, நீங்களே கதவைத் திறந்து, சந்தனம் கொடுத்து உள்ளே விட்டவர் எடுத்தால் அதற்கு இழப்பீடு இல்லை. அட்டியல் போனது ஒரு பக்கம். அறுபது பேரில் யார் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்ததில், சொந்தத் தங்கச்சியோடு இன்றைக்கும் பேச்சில்லை. விசேஷ நாளில் ஓர் அறையைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த எங்கள் பாட்டிமாரைக் கஞ்சப் பிசினாரிகள் என்று சிரித்திருக்கிறேன். இப்போது நானும் அப்படித்தான் திரிகிறேன்.

வருகிறவர்களுக்கு ஏதாவது ஆனால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கான பொன்னுருக்கலை நான் வீட்டில்தான் வைத்தேன். எல்லோரும் இப்போது நகைக்கடையிலேயே முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது மனம் ஒப்பவில்லை. பத்தர் வந்து, ஹோலில் கும்பத்துக்கு முன்னால் சட்டியில் கரி மூட்டி, நல்ல நேரம் பார்த்துப் பவுனை உருக்கத் தொடங்கினார். பொன் உருகி ஒன்றாகச் சேர்கிற நேரம், எல்லோரும் குனிந்து பார்க்கிற நேரம், கூரையில் இருந்த புகைக் கருவி கத்தத் தொடங்கியது. நாதஸ்வரம் இல்லாத குறையை அது தீர்த்தது. செக்யூரிட்டித் தம்பி சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஓடி வந்து, வாசலில் நின்று பத்தரையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் கொடுத்து அனுப்பினோம். அன்றைக்குச் சிரித்தோம். அந்தச் சட்டி சரிந்து திரைச்சேலையில் பற்றியிருந்தால், கட்டடத்துக்கு ஓனரின் காப்புறுதி காசு கொடுத்துவிட்டு, நெருப்புக்குக் காரணமான என்னிடம் அந்தக் காசைக் கேட்டு வந்திருக்கும். அதற்கு அவர்களுக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் எடுக்கிற காப்புறுதியில் இந்தப் பொறுப்பையும், விருந்தாளி நம் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் வருகிற பொறுப்பையும் சேர்க்கலாம். இதை எனக்கு யாரும் தானாகச் சொல்லவில்லை. கேட்டபிறகுதான் சொன்னார்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த நாட்களில் எத்தனை வீட்டில் பிறந்தநாள் கேக்கையே வேண்டாம் என்று விட்டோம், ஞாபகம் இருக்கும்.

லண்டனில் ஹரோவில் என் பெறாமகள் இருக்கிறாள். அவளும் வாடகை வீடு. இதை எல்லாம் போனில் சொன்னபோது தன் பத்திரத்தை எடுத்து வாசித்துக் காட்டினாள். அங்கே வீட்டுப் பொருள் காப்புறுதிகள் பலவற்றில் ஒரு வரி இருக்கிறதாம்: வீட்டில் கல்யாணம் என்றால், அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதத்துக்குக் காப்புறுதித் தொகை தானாகக் கொஞ்சம் கூடும், பரிசுகளுக்காக. அவளுடையதில் நூற்றுக்குப் பத்து. மத விழாக்களுக்கும் அப்படியே, கிறிஸ்மஸுக்குக் கூடுகிற மாதிரித் தீபாவளிக்கும் கூடும். ஒரு வீட்டுக்குள் பெறுமதியான சாமான் திடீரென்று நிறையும் மாதம் எது என்று அந்த ஊர்க் கொம்பனிகள் யோசித்திருக்கின்றன. தீபாவளி நெருங்கும்போது நம் ஆட்களின் தங்கத்துக்குக் கள்வர் வருவார்கள் என்று அங்கே பொலிஸும் எச்சரிக்கிறது. கனடாவில் இருக்கிற என் அண்ணன் மகனுக்கு, வாடகைக்காரர் காப்புறுதிக் கடதாசியைக் காட்டிய பிறகுதான் வீட்டுத் திறப்பையே கொடுத்திருக்கிறார்கள்.

கொழும்பில் வாடகைக்கு வருகிறவரிடம் என்னென்ன கேட்கிறோம்? ஒரு வருட முற்பணம், அடையாள அட்டைப் பிரதி. ஒரு காலத்தில் நம் ஆட்கள் என்றால் பொலிஸ் பதிவு, கிராம சேவையாளர் கடிதம், ஏன் வந்தீர்கள், எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று படிவம் படிவமாக நிரப்பிப் பழகியவர்கள் நாங்கள். அத்தனை படிவத்துக்கு நடுவே எங்கள் சாமானுக்கு என்று ஒரு படிவத்தை யாரும் நீட்டியதில்லை.

1983 ஆடிக் கலவரத்தில் எனக்குப் பத்தொன்பது வயது. அப்போதும் வெள்ளவத்தையில் வாடகை வீடுதான், ஓர் ஓட்டு வீடு. ஜூலை 25 அன்று பக்கத்துச் சிங்கள வீட்டு அம்மா மதிலால் எங்களை ஏற்றி எடுத்தார். பிறகு வந்து பார்த்தபோது ஓனருக்குச் சுவர் நின்றது. எங்களுக்கு அம்மாவின் தையல் மெஷினின் இரும்புச் சக்கரம் மட்டும் கிடந்தது. அம்மாவின் கூறைச் சேலையும் அந்த வீட்டோடு போனது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சாதாரண வீட்டுக் காப்புறுதியில் கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் தானாக உள்ளே வராது. தனியாகக் கேட்டு, தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் என்ற அரச நிறுவனம் பொறுப்பேற்கிறது. படிவத்தில் அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. நான் பேனையை எடுத்து அதில் சரி போட்டபோது கை கொஞ்சம் நின்றதுதான். வெள்ளத்தையும் அப்படியே கேட்க வேண்டும். நாலாம் மாடியில் இருக்கிற எனக்கு வெள்ளம் மேலே இருந்துதான் வருகிறது. ஆனால் 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது, தரைமட்டத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது நான் காப்புறுதிக் கொம்பனிகளிடம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வாடகைக்கு இருப்பவர் என்று ஒரு வகை மனிதர் கொழும்பில் இருக்கிறார் என்பதை உங்கள் கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அவர்களுக்கென்று ஒரு சின்னப் பத்திரம் போடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். அதில் கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வீட்டில் ஒரு விசேஷம் வருகிற மாதத்துக்கு, லண்டனில் இருக்கிற மாதிரி ஒரு வரி சேருங்கள். மொய்க் கொப்பியை ஆதாரமாக ஏற்றுக்கொள்வோம் என்றும் எழுதுங்கள். அதில் திகதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, எழுதும்போது பக்கத்தில் பத்துப் பேர் நின்று பார்த்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடக் கணக்குப் புத்தகங்களில் அவ்வளவு சாட்சியோடு எழுதப்பட்ட ஒன்றை நான் கண்டதில்லை.

நான் கடைசியில் இரண்டாம் இடத்தில் எடுத்தேன். எனக்குச் சொன்ன கட்டணம், நகைப் பட்டியலும் விருந்தாளிப் பொறுப்பும் அரசாங்க வரியும் சேர்த்து, வருடத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். வீட்டையும் சாமானையும் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். கல்யாண மண்டபத்தில் மேடை அலங்காரத்துக்கு மட்டும் நாங்கள் கொடுத்ததை எழுதினால் என் மகன் கோபிப்பான், விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு நட்டத்திலும் முதல் ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். தருவதற்கு மறுத்தால் முதலில் அந்தக் கொம்பனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கொம்பனிகளைக் கண்காணிக்க இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் கொழும்பிலேயே இருக்கிறது. என் கொட்டாஞ்சேனைச் சிநேகிதிக்கு இந்த இரண்டும் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தாலும் அட்டியல் கிடைத்திருக்குமோ தெரியாது, பத்திரத்தில் அந்த வரி இருந்ததுதானே.

நகை பத்திரமாக இருக்கட்டும் என்று வங்கியில் ஐயாயிரம் ரூபாவுக்கு அடைவு வைத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். லொக்கருக்கு வரிசையில் நின்று அலுத்தவர்கள். அவர்களைப் பகிடி பண்ண மாட்டேன், ஆனால் சேலையை அடைவு வைக்க முடியாதே.

கூறையை மருமகள் என்னிடம்தான் விட்டுப் போயிருக்கிறாள். தெஹிவளை வீட்டில் அலுமாரி சின்னதாம். பொலித்தீன் உறையில் போட்டு, கட்டிலுக்குக் கீழே தட்டில் வைத்திருக்கிறேன். விலாசம் மாறவில்லை என்று கொம்பனிக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று.

போன கிழமை மேல்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம் சரிவந்துவிட்டதாம், பொன்னுருக்கல் வீட்டில் வைக்கலாமா, செக்யூரிட்டி என்ன சொல்வார் என்று கேட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அந்த மொய்க் கொப்பி எந்தக் கடையில் வாங்கினது என்றும் கேட்டார். கடையைச் சொன்னேன். உள்ளே வந்து இருக்கச் சொல்லி, தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, அந்த ஆங்கிலப் படிவத்தையும் என் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு,
வாடகை வீட்டு மாமியார் ஒருவர்
கொழும்பு 06